புல் வெட்டும் யந்திரத்தின் அகலம்: எவ்வளவு போதும்?

அலுவலக வளாகங்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள், பொதுப் பூங்காக்கள் ஆகியவற்றில் புல்தரையைப் பராமரிப்போர், புதிய வெட்டும் யந்திரம் வாங்க முற்படும்போது முதலில் கேட்கும் கேள்வி அதன் அகலம் எத்தனை அங்குலம் என்பதே. விலைப் பட்டியல்களும் அகலத்தையே முன்னிறுத்தி அச்சிடப்படுகின்றன. அகலம் கூடினால் வேலை விரைவில் முடியும். ஆகவே நிதி இடங்கொடுக்கும் அளவுக்கு அகலமான யந்திரத்தை வாங்கிவிடுவதே உசிதம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இவ்வெண்ணம் பாதி உண்மையே. அகலத்தைக் கூட்டுவதால் மிச்சமாகும் நேரம் போகப்போகக் குறைந்துகொண்டே செல்கிறது. மேடுபள்ளமான தரையில் புல்லுக்கு நேரும் சேதமோ அகலத்தைக் காட்டிலும் மிக விரைவாகப் பெருகுகிறது. தக்க அகலம் என்பது இவ்விரண்டுக்கும் இடையில் ஓரிடத்தில் உள்ளது. அவ்விடத்தைக் கணக்கிட்டு அறியும் வழியை இங்கே காண்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சுழலும் அலகுகளை மேலிருந்து மூடிநிற்கும் எஃகுக் கூட்டைத் தொழிலாளர் 'டெக்' என்றே வழங்குகின்றனர். கப்பலின் மேல்தளத்தைக் குறிக்கும் சொல் புல்தரைக்கு வந்து சேர்ந்திருப்பது மொழிபெயர்ப்போருக்குச் சற்றுச் சங்கடம் விளைவிப்பதே. இக்கட்டுரையில் அதனை 'வெட்டுக்கூடு' என்போம். அதன் வெளி அகலம் வேறு. அலகு உண்மையில் வெட்டிச் செல்லும் அகலம் வேறு. பின்னதையே 'வெட்டகலம்' என்று குறிப்பிடுவோம். கூட்டின் பக்கவாட்டில் புல்லை வெளியே தள்ளும் வாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமாயின், வெளி அகலம் வெட்டகலத்தைவிடக் கணிசமாகக் கூடியிருக்கும்.

அகலத்தைப் பற்றிய இக்கேள்வி புல் வெட்டும் யந்திரத்தின் வயதையே உடையது. இங்கிலாந்தில் கிளஸ்டர்ஷையரைச் சேர்ந்த ஸ்ட்ரவுட் என்ற ஊரில், கம்பளித் துணியின் மேற்பரப்பிலுள்ள மயிரைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை யந்திரத்தைக் கண்டு, அதே முறையில் புல்லையும் கத்தரிக்கலாமே என்று கருதிய எட்வின் பட்டிங் என்பவர் 1830-ஆம் ஆண்டில் தமது யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வெட்டகலம் 19 அங்குலம், அதாவது ஏறத்தாழ 48 சென்டிமீட்டர். பின்னாலிருந்து ஒருவர் தள்ளவேண்டும். அது போதாத இடத்தில் முன்னாலிருந்து மற்றொருவர் இழுப்பதற்கென்று இன்னொரு கைப்பிடியும் அமைக்கப்பட்டிருந்தது. மனிதன் மணிக்கணக்கில் தொடர்ந்து அளிக்கக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 75 வாட் மட்டுமே என்பதை நினைத்தால், அந்த இரண்டாவது கைப்பிடியின் அவசியம் விளங்கும். 1842-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷாங்க்ஸ் 27 அங்குல யந்திரம் செய்தபோது, அதை இழுக்க மட்டக்குதிரை பூட்டவேண்டியதாயிற்று. குளம்புகள் புல்தரையில் பதிந்துவிடாதபடி அக்குதிரைகளுக்குத் தோல் காலணிகள் மாட்டினர். நம் நாட்டுப் பெருந்தோட்டங்களில் அவ்வேலையை எருதுகள் நெடுங்காலம் செய்துவந்தன. ஆகவே அக்காலத்தில் வெட்டகலத்துக்கு வரம்பு கட்டியது இழுப்பவரின் பலமே. 1902-இல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் ஆலையினர் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய யந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்ததும் அவ்வரம்பு தளர்ந்தது. பலம் தடையாக இல்லாத நிலையில், தரை எவ்வளவு அகலத்தைத் தாங்கும் என்ற கேள்வி எழுந்தது.

நேரத்தின் கணக்கை முதலில் பார்ப்போம். நாற்பது மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமுமுள்ள ஒரு சமதரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதன் பரப்பு 1,000 சதுர மீட்டர். வெட்டுபவர் நீளவாட்டில் சென்று திரும்புகிறார். நடையின் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே புல் விட்டுப்போகாதிருக்க, வெட்டகலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு முந்தைய வரிசையின்மேல் படியும்படி ஓட்டவேண்டும். 45 சென்டிமீட்டர் யந்திரமாயின், அதில் 40 சென்டிமீட்டரே புதிதாக வெட்டப்படும். 63 வரிசைகள் தேவை. நடக்கவேண்டிய தூரம் 2,520 மீட்டர். அதற்கு 50 நிமிஷம் ஆகும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் 6 விநாடி என்று கொண்டால் திருப்பங்களுக்கு மேலும் 6 நிமிஷம். ஆக ஏறத்தாழ 57 நிமிஷம்.

இப்போது 90 சென்டிமீட்டர் யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். வரிசைகள் 32 ஆகக் குறைகின்றன. ஆனால் பெரிய யந்திரத்தைத் திருப்புவது கடினம். ஒரு திருப்பத்துக்கு 12 விநாடி கொடுப்போம். மொத்த நேரம் 32 நிமிஷம். 150 சென்டிமீட்டர் யந்திரத்துக்கு 19 வரிசைகளே போதும்; திருப்பத்துக்கு 20 விநாடி வீதம் கணக்கிட்டால் மொத்தம் 21 நிமிஷம் ஆகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். முதலில் கூட்டிய 45 சென்டிமீட்டர் நமக்கு 25 நிமிஷத்தை மிச்சப்படுத்தியது. அடுத்துக் கூட்டிய 60 சென்டிமீட்டர் மிச்சப்படுத்தியதோ 11 நிமிஷமே. திருப்பங்களில் செலவாகும் நேரம் மூன்று யந்திரங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. வரிசைகள் குறைந்ததால் வந்த லாபத்தைத் திருப்பத்தின் தாமதம் விழுங்கிவிடுகிறது. இதுவும் மரமோ பாத்தியோ இல்லாத வெறுந்தரையில்தான். அகலமான யந்திரம் நெருங்கமுடியாத மூலைகளையும் மரத்தடிகளையும் பிறகு கத்தரியாலோ நூல் சுழலும் கைக்கருவியாலோ வெட்டவேண்டும். மிச்சமான 11 நிமிஷத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துபோகலாம்.

இனிச் சேதத்தின் கணக்கு. விலைப் பட்டியல்கள் பேசாத விஷயம் இது. ஆனால் யந்திரத்தைத் தெரிந்தெடுப்பதில் இதற்கே முதலிடம் தரவேண்டும் என்பது என் கருத்து. கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் புல்தரையும் உண்மையில் சமமன்று. மெல்லிய மேடுகளும் பள்ளங்களும் எங்கும் இருக்கும். வெட்டுக்கூடோ வளையாத எஃகுத் தகடு. அதன் இரு ஓரங்களிலும் உள்ள சக்கரங்கள் மேட்டின் இரு புறச் சரிவிலும் நிற்கும்போது, மேட்டின் உச்சி கூட்டின் நடுவில் எழும்பி அலகை நெருங்குகிறது. எவ்வளவு எழும்பும் என்பதை வட்டத்தின் இயல்பைக்கொண்டு எளிதில் கணக்கிடலாம். கூட்டின் அகலத்தை அதே அகலத்தால் பெருக்கி, மேட்டு வளைவின் ஆரத்தை எட்டால் பெருக்கி வந்த தொகையால் வகுக்கவேண்டும். ஐந்து மீட்டர் ஆரமுள்ள மேட்டின்மேல் 45 சென்டிமீட்டர் கூடு செல்லும்போது உச்சி 5 மில்லிமீட்டர் எழும்பும். 90 சென்டிமீட்டர் கூட்டுக்கு 20 மில்லிமீட்டர். 150 சென்டிமீட்டர் கூட்டுக்கு 56 மில்லிமீட்டர்.

அகலம் இரு மடங்கானால் பிழை நான்கு மடங்காகிறது என்பது இதன் பொருள். புல்லை 30 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டுமாறு யந்திரத்தை அமைத்திருக்கிறோம் என்று கொள்வோம். அதே மேட்டின் உச்சியில் சிறிய யந்திரம் 25 மில்லிமீட்டர் புல்லை விட்டுச்செல்லும். எவர் கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. நடுத்தர யந்திரம் 10 மில்லிமீட்டர் விட்டுச்செல்லும். அவ்விடம் சில நாட்கள் மஞ்சளித்துக் கிடக்கும். பெரிய யந்திரத்தின் அலகு புல்லின் கணுக்களையும் கடந்து மண்ணையே சீவும். அறுகு பிடிவாதமான புல். மண்ணுக்கடியிலுள்ள தண்டுகளிலிருந்து மீண்டும் தளிர்த்துவிடும். ஆனால் வாரந்தோறும் அதே உச்சியில் அதே காயம் விழுமானால், அவ்விடம் வழுக்கையாகிக் கோரையும் களைகளும் குடியேறுகின்றன. அதைக் கண்டு உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று எண்ணிச் செலவு செய்வோரும் உளர்.

இக்குறையை யந்திர நிபுணர்கள் அறியாதவர்களல்லர். கூட்டை எஞ்சின் சட்டத்தில் இறுகப் பிணைக்காமல் சங்கிலிகளில் தொங்கவிட்டுத் தரையின் சாய்வுக்கேற்பச் சாய இடங்கொடுப்பது ஒரு முறை. கூட்டின் அடியில் சிறு உருளைகளைப் பொருத்தி, மேடு நெருங்கும்போது கூட்டையே தூக்கச் செய்வது மற்றொன்று. கால்ஃப் மைதானங்களில் கையாளப்படும் முறையே இவற்றில் சிறந்தது: ஒரே அகன்ற வெட்டியை வைப்பதற்குப் பதிலாக, மூன்று, ஐந்து அல்லது ஏழு சிறு வெட்டிகளைத் தனித்தனியே அசையும்படி ஒன்றாகப் பிணைத்து இழுத்துச் செல்கிறார்கள். மொத்த அகலம் பல மீட்டர் இருந்தாலும், ஒவ்வொரு சிறு வெட்டியும் தன்னடியிலுள்ள தரையை மட்டுமே தொடர்கிறது. ஆகவே மேட்டுப் பிழைக்குக் கணக்கிடவேண்டியது சிறு வெட்டியின் அகலமே. இவ்வகை விலை மிகுந்தது. சிறு வளாகங்களுக்கு உரியதன்று.

தம் தரை எவ்வகையது என்பதை அறிய எவரும் செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. ஒரே உயரமுள்ள இரண்டு செங்கற்கள், நேரான ஒரு சட்டம், ஓர் அளவுகோல் ஆகியவை போதும். வாங்க நினைக்கும் யந்திரத்தின் அகலத்துக்கு இணையான இடைவெளியில், மேடாகத் தோன்றும் இடத்தின் இரு பக்கமும் செங்கற்களை வைத்து அவற்றின்மேல் சட்டத்தைப் பரப்பவேண்டும். சட்டத்தின் நடுவிலிருந்து தரை வரையுள்ள உயரத்தை அளந்து, செங்கல்லின் உயரத்திலிருந்து கழித்தால் மேட்டுப் பிழை கிடைத்துவிடும். வளாகத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் இவ்வாறு அளக்கலாம். பிழை வெட்டும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பல இடங்களில் மிஞ்சுமானால் அந்த அகலம் அத்தரைக்கு ஏற்றதன்று. ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் மிஞ்சினால், யந்திரத்தை மாற்றுவதைவிட மண்வெட்டியை எடுத்து அவ்விடங்களைச் சமன் செய்வதே மலிவு.

சுழல் அலகு வகையில் அகலத்துக்கு வேறொரு தடையும் உண்டு. 53 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒற்றை அலகு நிமிஷத்துக்கு 3,000 தடவை சுழலும்போது, அதன் நுனி விநாடிக்கு 83 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. அந்நுனியில் பட்ட கூழாங்கல் எத்தகைய வேகத்தோடு வெளியே தெறிக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. அமெரிக்கப் பாதுகாப்பு நியமம் நுனி வேகத்துக்கு நிமிஷத்துக்கு 19,000 அடி, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 96 மீட்டர் என உச்சவரம்பு விதித்திருக்கிறது. 120 சென்டிமீட்டர் அலகை அதே சுழற்சியில் ஓட்டினால் நுனி வேகம் 188 மீட்டரைத் தொட்டுவிடும். ஆகவே அகன்ற கூடுகளில் ஒற்றை அலகுக்குப் பதிலாக இரண்டு அல்லது மூன்று சிறு அலகுகளை அமைக்கின்றனர். அவற்றிடையே புல் கீற்றாக நின்றுவிடாதபடி அவை ஒன்றன் பாதையை மற்றொன்று சற்றே மூடுமாறு வைக்கப்படுகின்றன. மூன்று அலகு என்றால் மூன்று அச்சு, அவற்றுக்குரிய தாங்கிகள், ஒரு நீண்ட வார்ப்பட்டை, மூன்று மடங்கு சாணை பிடிக்கும் வேலை. ஓர் அலகு மற்றவற்றைவிடச் சற்றுத் தாழ்ந்தாலும் தரையில் படிக்கட்டுப் போன்ற வரிகள் விழும். பட்டையைச் சரிபார்க்கவும் அச்சுக்கு மசகிடவும் ஆளில்லாத இடத்தில் இத்தகைய யந்திரம் இரண்டாம் ஆண்டிலேயே மூலையில் ஒதுங்கிவிடும்.

எஞ்சினின் ஆற்றலும் அகலத்தோடு பொருந்தவேண்டும். காய்ந்த குறும்புல்லில் எந்த எஞ்சினும் ஓடிவிடும். நனைந்த நெடும்புல்லில், ஆற்றல் குறைந்த எஞ்சினோடு அகன்ற கூடு பூட்டப்பட்டிருந்தால், அலகின் வேகம் தளர்ந்து புல்லை வெட்டாமல் கிழித்துவிடும். கிழிந்த நுனிகள் ஓரிரு நாளில் வெளுத்துத் தரை முழுவதும் சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். மின்கல யந்திரங்களுக்கு இவ்விதி இன்னும் கடுமையாகப் பொருந்தும். அவற்றின் பட்டியலில் குறித்துள்ள ஓட்ட நேரம் நனைந்த புல்லில் பெருமளவு குறைந்துவிடும்.

ஒரே நகரத்திலும் ஒரே அகலம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்குத் தலைநகர் தில்லியே சான்று. கர்த்தவ்ய பாதை என்று 2022-இல் பெயர் மாற்றப்பட்ட ராஜபாதையின் இரு மருங்கிலும் நீண்ட சமமான புல்வெளிகள் உள்ளன. நாவல் மரங்கள் வரிசையாக நிற்பதால் எங்கே தடை வரும் என்பது ஓட்டுபவருக்கு முன்பே தெரியும். அத்தகைய தரையில் அகன்ற யந்திரத்துக்குத் திருப்பங்கள் குறைவு, லாபம் மிகுதி. குடியரசுத் தலைவர் மாளிகையிலுள்ள, 2023-இல் அமிர்த உத்யான் என்று பெயர் பெற்ற முகலாயத் தோட்டமும் பரப்பில் பெரியதே. வடநாட்டார் 'தூப்' என்று வழங்கும் அறுகு அங்கே கல்கத்தாவின் பெல்வெடியர் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து நடப்பட்டது. ஆனால் அத்தோட்டம் நீர்க்கால்களாலும் நடைபாதைகளாலும் சதுரஞ் சதுரமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மொத்தப் பரப்பைப் பார்த்து யந்திரம் தெரிந்தெடுத்தால் இத்தகைய இடத்தில் ஏமாற்றமே மிஞ்சும். பார்க்கவேண்டியது தனித்தனிச் சதுரத்தின் அளவை. ரிட்ஜ் குன்றுப் பகதியிலுள்ள புத்த ஜயந்திப் பூங்காவிலோ தரையே அலையலையாக ஏறி இறங்குகிறது. அவ்வகைத் தரைக்கு முற்கூறிய செங்கற் சோதனையின் முடிவே அதிகாரம்.

எத்தனை அகலம் அவசியம் என்ற கேள்விக்கு விடை தருவது மழைக்காலமே. வட இந்தியாவில் குளிர்காலத்தில் அறுகு ஏறக்குறைய உறங்கிவிடுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அசுர வேகத்தில் வளர்கிறது. ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் நீக்கக்கூடாது என்பது புல்தரைப் பராமரிப்பில் ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. 3 சென்டிமீட்டரில் நிறுத்தவேண்டிய புல்லை நாலரை சென்டிமீட்டர் எட்டுமுன் வெட்டிவிடவேண்டும். காலதாமதமாகி 8 சென்டிமீட்டர் வளர்ந்த பின் வெட்டினால் பச்சை இலை முழுதும் போய் வெளிறிய தண்டுகளே எஞ்சும். வேரின் வளர்ச்சியும் தடைப்படும்.

இரண்டு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் புல்தரையை மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை வெட்டவேண்டும் என்று கொள்வோம். ஆறு வேலை நாட்களில் இரண்டை மழை கொண்டுபோய்விடும். எஞ்சிய நான்கு நாட்களில் எண்ணெய் இடுதல், அலகு தீட்டுதல், ஓய்வு ஆகியவை நீங்கலாக நாளுக்கு 5 மணி நேரம் வெட்டலாம். மொத்தம் 20 மணி. ஆகவே மணிக்கு 1,000 சதுர மீட்டர் வெட்டும் திறன் தேவை. முன் போட்ட கணக்கின்படி, தடையற்ற தரையில் 45 சென்டிமீட்டர் யந்திரம் மணிக்கு 1,060 சதுர மீட்டர் வெட்டுகிறது. இது தேவைக்கு மட்டுமட்டாகவே இருக்கிறது. ஒரு நாள் பழுது ஏற்பட்டால் புல் கைமீறிவிடும். 90 சென்டிமீட்டர் யந்திரமோ 1,890 சதுர மீட்டர் வெட்டுவதால், மழை நான்கு நாள் பிடித்தாலும் இரண்டு நாட்களில் ஏறக்குறைய முடித்துவிடலாம். 150 சென்டிமீட்டர் யந்திரம் அதே வேலையை ஏறத்தாழ 7 மணியில் முடிக்கும். மிகுதிப்படும் மூன்றரை மணி நேரத்துக்காக அதற்குரிய அதிக விலையையும் மேட்டுச் சேதத்தையும் ஏற்பதா என்பதே கேள்வி. இரண்டு 45 சென்டிமீட்டர் யந்திரங்களையும் இரண்டு ஆட்களையும் வைத்துக்கொள்வது மற்றொரு வழி. ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓடும். நம் நாட்டுச் சிறு ஸ்தாபனங்களுக்குப் பெரும்பாலும் இதுவே தக்கது.

அளவெல்லாம் பார்த்து வாங்கிய யந்திரம் வாயிற்கதவுக்குள் நுழையாமல் நின்ற கதைகளும் உண்டு. ஓர் அலுவலக வளாகத்தில், உட்புறத் தோட்டத்தின் இரும்புக் கதவு வெட்டகலத்தைவிட அகலமாகவே இருந்தது. பக்கவாட்டில் நீட்டிய தள்ளுவாயைக் கணக்கில் சேர்க்காததால் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி மாட்டவேண்டியதாயிற்று. சில வாரங்களுக்குப் பின் அதை மாட்டுவதையே விட்டுவிட்டார்கள். தெறிக்கும் கல்லைத் தரையை நோக்கித் திருப்பும் கவசம் அத்தள்ளுவாயே ஆதலால், அது இல்லாமல் ஓட்டுவது அவ்வழியே நடப்போருக்கும் ஆபத்து. கதவு, சிறு பாலம், மரங்களுக்கிடையேயுள்ள இடைவெளி, யந்திரத்தை நிறுத்தும் கொட்டகை ஆகிய நான்கிலும் குறுகியதை அளந்து, அதிலிருந்து இரு பக்கமும் ஒரு சாண் விட்டு வெளி அகலத்தை நிர்ணயிக்கவேண்டும்.

அகலம் கூடுந்தோறும் எடையும் கூடுகிறது. நனைந்த வண்டலில் கனமான யந்திரத்தின் சக்கரத் தடம் ஆழப் பதிந்து, அடுத்த மழையில் நீர் தேங்கும் வாய்க்காலாகிவிடும். சரிவான கரைகளில், ஏறி அமர்ந்து ஓட்டும் யந்திரம் புரண்டு விழும் ஆபத்தும் உண்டு. அத்தகைய சரிவுகளுக்கு நடந்து தள்ளும் சிறு யந்திரத்தையே வைத்துக்கொள்ளவேண்டும். மழைக்காலத்தில் அகன்ற கூட்டின் அடியில் ஈரப்புல் கட்டியாக அடைத்துக்கொள்ளும். அதை எடுக்கக் கையை உள்ளே விடுபவர், எஞ்சினை நிறுத்தியபின் தீப்பொறிச் செருகியின் கம்பியையும் கழற்றிவிடவேண்டும். மின்கல யந்திரமாயின் மின்கலத்தையே வெளியே எடுத்துவிடவேண்டும். நின்றுபோன அலகைக் கையால் அசைக்கும்போது எஞ்சின் உயிர்பெற்று விரல்களை இழந்தவர்கள் பலர். இதைத் தோட்டத் தொழிலாளர் அறிந்த மொழியில் எழுதி யந்திரத்தின்மேல் ஒட்டிவைப்பது வாங்கும் அதிகாரியின் பொறுப்பு.

வாங்கும் பருவத்தைப் பற்றியும் ஒரு சொல். அரசாங்க அலுவலகங்களில் இத்தகைய கொள்முதல்கள் நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் குவிவது வழக்கம். அம்மாதத்தில் தில்லியின் அறுகு குட்டையாகவும் உலர்ந்தும் இருக்கும். விற்பனையாளர் ஓட்டிக்காட்டும் எந்த யந்திரமும் அதில் அழகாகவே வெட்டும். ஆதலால் கொள்முதல் நிபந்தனைகளில் ஆகஸ்டு மாதச் சோதனை ஒன்றையும் சேர்த்து, விலையில் ஒரு பகுதியை அதுவரை நிறுத்திவைக்க இடமிருக்குமாயின் அவ்வாறே செய்யலாம். அச்சோதனையை வளாகத்திலுள்ள மேடான இடத்தில், காலைப் பனி உலராத வேளையில் நடத்தி, மேட்டின் உச்சியிலும் அடிவாரத்திலும் எஞ்சிய புல்லின் உயரத்தை அளவுகோலால் அளந்து கோப்பில் குறித்துவைக்கவேண்டும்.